வெள்ளிக்கிழமை நாலாவது ஹவர்

நான் கல்லூரியை விட்டு நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் எழுபது ஆடு இருந்தது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் யார் புஞ்சையிலாவது உரத்துக்குக் கிடை போட்டு அப்பா சமாளித்துவிடுவார். படி என்றுதான் சொன்னார். பாடம் புரியவில்லை, நின்றுவிட்டேன். இதை ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வறுமை என்றால் உச்சுக்கொட்டுவார்கள். காதல் என்றால் கண்ணடிப்பார்கள். புரியவில்லை என்று சொன்னால் மட்டும் சொல்லக்கூடாத நோயைச் சொன்னதுபோல முகம் மாறிவிடும்.

அது தொண்ணூற்றாறில். எட்டு வருடம் கழித்து, இரண்டாயிரத்து நாலு ஜூலையில், ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நைட் ஷிஃப்ட் முடித்து மில் கேட்டைத் தாண்டி வந்தேன். தலை, புருவம் எல்லாம் பஞ்சு. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கையில் நோட்டோடு நின்றிருந்தார். கணக்குத் துறை வெயிலுகந்தம்மாள் மேடம். கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்கள் காலத்தில் அவர் வராண்டாவில் திரும்பினாலே பையன்கள் "ஏலே, வெயில் வருது, குடையை விரி" என்பார்கள். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. நடையில் வேகம் குறையவில்லை.

"நீ சீனிதான? ரோல் நம்பர் பதினேழு?"

"ஆமா மேடம்."

"ரெண்டாம் வருசம் பாதியில நின்னுட்ட."

"ஆமா."

"ஏன் நின்ன?"

எட்டு மணி நேரம் நின்ற கால். மரியாதைக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தேன். பதினொரு பெயர் இருந்தது. பத்து வருட வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அவர் வகுப்பில் இருந்து பாதியில் காணாமல் போனவர்களை எடுத்து எழுதியிருந்தார். என் பெயர் நாலாவது.

"மூணு பேரைப் பாத்துட்டேன்" என்றார். "விளாத்திகுளத்துல ஒருத்தி, கட்டிக்குடுத்து ரெண்டு பிள்ளை. காப்பி போட்டுக் குடுத்தா. 'நல்லாத்தான் நடத்துனீங்க மேடம்'ங்கா. மத்த ரெண்டு பேரும் அதத்தான் சொல்லுதாங்க. நல்லா நடத்துனா ஏன்யா நின்னீங்கன்னு கேட்டா பதில் இல்ல. நீயாவது உள்ளதைச் சொல்லு. எங்கன விட்டுச்சு உனக்கு?"

"லிமிட்ல மேடம். எப்சிலான், டெல்டான்னு ரெண்டு வருமே. அதுல எது முதல்ல, எதை யாரு குடுக்கான்னு புரியல. கேட்டேன். 'எழுதிக்கோ, பத்து மார்க் கொஸ்டின்'னு சொன்னீங்க. எழுதிக்கிட்டேன். அதுக்குப் பொறவு வந்த எல்லாப் பாடத்துலயும் அது இருந்துச்சு."

அவர் நின்றபடியே அதை நோட்டில் எழுதினார். வருத்தப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் கோடையில் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரம் புத்தொளிப் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார். கல்லூரி ஆசிரியர்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள நடத்துகிற பயிற்சி. பெரிய பெரிய பேராசிரியர்கள் வந்து பெரிய பெரிய கணக்கைப் பேசியிருக்கிறார்கள். கடைசி நாள் இவர் எழுந்து, "என் கிளாஸ்ல பிள்ளைகளுக்கு எந்த இடத்துல விட்டுப்போகுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டிருக்கிறார். கருத்துப் படிவம் கொடுங்கள் என்றார்களாம். சான்றிதழோடு ஒரு தோள்பையும் கொடுத்து அனுப்பினார்கள். வந்து படிவம் கொடுத்தார். வகுப்பு முழுக்க 'மிக நன்று' என்று டிக் அடித்திருந்தது. அதே வகுப்பில் அவர் பாடத் தேர்வில் தேறியது பன்னிரண்டு பேர்.

"மில்லுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஸ்பின்னிங்ல இருந்தேன். இப்ப தரப்பிரிவுல போட்டிருக்காவ. ஸ்நாப் ஸ்டடி."

"அப்படின்னா?"

மெஷினில் நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர்கள் ஓடும்போது நூல் அறும். நூறு கதிருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை அறுப்பு, ஒவ்வொன்றும் எதனால் என்று நோட்டோடு நடந்து குறிக்க வேண்டும். மெஷின் காரணமா, நூலாக இழுபடுகிற திரி காரணமா, காற்றில் ஈரம் குறைவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பஞ்சு மேல் பழி போடுவது கடைசியில்தான். எடுத்த எடுப்பில் பஞ்சு சரியில்லை என்று எழுதினால் சூப்பர்வைசர் நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். இதைச் சொன்னேன்.

அவர் நோட்டை மூடினார். பிறகு, "அதை என் கிளாஸ்ல வந்து செய்வியா?" என்றார்.

"பாதியில ஓடிப்போனவனை உக்கார வச்சா பிள்ளைக சிரிக்கும் மேடம்."

"சிரிக்கட்டும். ஓடவிட்டவளும் அங்கனதான நிக்கப்போறேன்."

வாரத்தில் மூன்று நாள், பத்து மணி வகுப்பு. ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போவேன். முதல்வரிடம் 'பழைய மாணவர்' என்று சொல்லி வாய்மொழியாக அனுமதி வாங்கியிருந்தார். கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். முன்னால் நாற்பத்தாறு பேர். ஒரு தாளில் நாற்பத்தாறு கட்டம் போட்டுக்கொண்டேன். பாடத்தைக் கவனிக்கவில்லை. கவனித்தாலும் புரியப்போவதில்லை. கைகளைப் பார்த்தேன். தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்து, யோசித்து எழுதுகிற கை ஒரு மாதிரி ஓடும். வெறுமனே பார்த்துப் படம் வரைகிற கை வேறு மாதிரி ஓடும். இரண்டாவதாக மாறுகிற நிமிடத்தை அந்தந்தக் கட்டத்தில் குறித்தேன். அந்த நிமிடம் மேடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஓரத்தில் எழுதினேன்.

வகுப்பு முடிந்து கேண்டீனில் வைத்துத் தாளைக் கேட்டார். வாசித்தேன்.

"'புரியுதா'ன்னு பத்தொம்பது தடவை கேட்டீங்க. ஒரு தடவைகூட ஒரு மூச்சு நேரம் நிக்கல. 'புரியுது மேடம்'னு முன் பெஞ்சு சொல்லுது, நீங்க திரும்பி பலகைக்குப் போயிருதீங்க. பதினாலாவது நிமிசத்துல 'இது தெரிஞ்சதுதான்'னு சொல்லி ஒரு வரியை விட்டுட்டு அடுத்த வரிக்குப் போனீங்க. அந்த ஒரு இடத்துல மட்டும் இருபத்தியாறு பேரு அறுந்துட்டாங்க. பொறவு முப்பத்தாறு நிமிசம் நீங்க பத்துப் பதினஞ்சு பேருக்குத்தான் நடத்துனீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, எனக்கே மார்க் போடுதியா? பதினாறு வருசமா நடத்துதேன். அது பிளஸ் டூ பாடம், தெரிஞ்சிருக்கணும்!"

"தெரிஞ்சிருக்கணும்தான். தெரியலயே."

"அது என் தப்பா?"

"தப்பு யாருதுன்னு நான் எழுதல மேடம். நிமிசத்தைத்தான் எழுதியிருக்கேன்."

எழுந்து போய்விட்டார். காப்பி அப்படியே இருந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். புதன்கிழமை போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மில் கேட்டில் கல்லூரி அட்டெண்டர் உச்சிமாகாளி நின்றிருந்தான். "என்ன சீனி, மேடம் கேக்காவ, இன்னைக்கு வாரியா இல்லயான்னு. வரலைன்னா காரணத்தை எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாவ" என்றான். போனேன்.

அன்று அவர் விட்டுப்போன வரியிலிருந்து தொடங்கினார். 'புரியுதா' என்று வாயில் வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்து நிறுத்தினார். அப்படியும் ஆறு தடவை வந்துவிட்டது. அதற்குப் பதில் பலகையில் பாதி வரி எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்து, மீதியை நீங்கள் எழுதுங்கள் என்று சும்மா நின்றார். சும்மா நிற்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கை தானாகச் சாக்பீஸை நோக்கிப் போகும். ஆகஸ்டில் அறுப்பு பாதியாகக் குறைந்தது. செப்டம்பரில் ஒரு புதுப் பாடத்தில் திரும்பவும் ஏறியது. "நேத்து எந்த எடத்துல?" என்பார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே. ஒரு நாள் மில்லில் நூலின் கனத்தைக் காட்டும் நம்பரை எப்படிப் பரிசோதிக்கிறோம் என்று துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன்.

துறைத் தலைவர் கிருஷ்ணகுமார் சாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் நோட்ஸ் மன்னன். ஒரே மஞ்சள் நோட்டை வைத்து வருடா வருடம் சொல்லச் சொல்ல எழுதவைப்பார். கேள்வி இருபது, பதில் இருபது. மனப்பாடம் செய்தவன் தேறிவிடுவான். ஆள் கெட்டவர் இல்லை. யாரையும் திட்டமாட்டார், விடுப்பே எடுக்கமாட்டார்.

"ஏம்மா, இதுக கரிசக்காட்டுல இருந்து வருது. ஆத்தா தீப்பெட்டி ஒட்டப் போயிருதா, அப்பன் மில்லுக்குப் போயிருதான். இதுகளுக்கு எப்சிலான் எதுக்கு? பாஸ் பண்ணி விடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார் ஒரு நாள் வராண்டாவில், என்னையும் வைத்துக்கொண்டு.

நான் மனதுக்குள் நினைத்தேன்: பஞ்சு சரியில்லை என்கிறார்.

மேடம், "சார், ஒரு நாள் உங்க கிளாஸ்ல வந்து நான் உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? வேவு பாக்கவா?"

"இல்ல சார். நீங்களும் என் கிளாஸ்ல வந்து உக்காருங்க. பாத்ததைப் பேசிக்கிடலாம்."

"கல்யாணமான புதுசுல எங்க அம்மா இப்படித்தான் சமையக்கட்டுல வந்து நின்னாவ. அன்னைக்கோட என் வீட்டுக்காரி தனிக்குடித்தனம் கேட்டா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மேடம் விடவில்லை. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை நாலாவது ஹவரைக் கணக்குத் துறை ஆசிரியர்கள் எல்லாருக்கும் வகுப்பில்லாமல் காலியாக விட வேண்டும். வாரம் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததை அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பேச வேண்டும். கால அட்டவணையில் அது ஏற வேண்டும். அட்டவணையில் ஏறாத எதுவும் அந்தக் கல்லூரியில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

முதல்வர் பதில் இப்படி இருந்தது: "அக்டோபர்ல தரமதிப்பீட்டுக் குழு வருது. புத்தொளிப் பயிற்சி முடிச்சது நீங்க, அதனால அவிய பாக்கப்போறது உங்க கிளாஸ். அது நல்லா நடந்தா வெள்ளிக்கிழமை நாலாவது ஹவர் உங்களுக்கு. எழுத்துலயே தாரேன். ஏதும் ஏறுக்கு மாறா நடந்தா இந்தப் பேச்சே கூடாது. அந்த மில்லுக்காரனும் காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது."

குழு வருவதற்கு முந்தின நாள் கிருஷ்ணகுமார் சார் மேடம் வகுப்புக்குள் வந்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு மேடம் கேள்வி கேட்டா நாப்பத்தாறு பேரும் கையைத் தூக்கணும். ஒருத்தன் தூக்காம இருந்தான், தொலைச்சுப்புடுவேன். தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. மேடம் வலது கையாப் பாத்து எழுப்புவாவ. என்ன?"

"சரி சார்" என்றது வகுப்பு.

"எங்க, தூக்குங்க பாப்போம். ரெண்டும் ரெண்டும் எத்தன?"

நாற்பத்தாறு வலது கை. வகுப்பே சிரித்தது.

"இதை எதுக்கு சார்?" என்றார் மேடம்.

"எல்லாம் உங்க மானத்தைக் காப்பாத்தத்தாம்மா. நாங்க முப்பது வருசமா இப்படித்தான் இன்ஸ்பெக்ஷனைத் தாண்டிக்கிட்டு இருக்கோம்."

அவர் போன பிறகு மேடம் சன்னல் ஓரம் நின்றார். அன்று நான் அறுப்பை எண்ணவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான்தான் சொன்னேன்.

"ஒரு நாள்தான மேடம். தூக்கிட்டுப் போகட்டும். நீங்க வெள்ளிக்கிழமையை வாங்கிருங்க. பொறவு வருசம் பூரா உண்மையாப் பாத்துக்கிடலாம்."

"நானும் அதத்தான் நினைச்சிருக்கேன்" என்றார். "பதினாறு வருசத்துல நான் கேட்டு ஒண்ணும் குடுக்கல. இது ஒண்ணு வேணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் நடிப்பார் என்று நம்பினேன்.

மறுநாள் நான் உள்ளே இருக்கக்கூடாது என்று உத்தரவு. உச்சிமாகாளி என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து நாலு தம்ளரில் தண்ணீர் ஊற்றினான். "சன்னலுக்கு வெளிய நில்லு. எவனாவது கேட்டா குழுவுக்குத் தண்ணின்னு சொல்லு. தண்ணியைக் குடிச்சுக் கிடிச்சுத் தொலைச்சிராத" என்றான். நின்றேன். குழுவில் மூன்று பேர். பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல்வரும் கிருஷ்ணகுமார் சாரும் வாசல் பக்கம். அந்த வருடம் சேர்ந்த ஐஸ்வர்யா என்ற சின்ன லெக்சரர் மூலையில் நின்றாள். கிருஷ்ணகுமார் சாரின் நோட்டைப் பார்த்து எழுதித்தான் அவளும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாடம் லிமிட். அவர் வேண்டுமென்று வைத்தது இல்லை, அட்டவணைப்படி அன்று அதுதான் வந்தது. வரையறையை எழுதினார். நீ எந்த எப்சிலானைக் கொடுத்தாலும் அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு என்கிற அதே வரி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. குழுவில் ஒருவர் தலையாட்டினார்.

"டெல்டா எதைப் பொறுத்தது? தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க."

நாற்பத்தாறு கையும் ஒரே நேரத்தில் மேலே போனது. வெளியே இருந்து பார்க்க நாற்று நட்ட மாதிரி இருந்தது. முதல்வர் முகம் மலர்ந்தது. மேடம் வலது கைகளைத் தேடுவது தெரிந்தது. முன் பெஞ்சில் நாலைந்து பேர். அதில் ஒருவனை எழுப்பியிருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் வெள்ளிக்கிழமை கைக்கு வந்திருக்கும்.

மூன்றாவது பெஞ்சில் முத்துசெல்வி என்று ஒரு பெண். இடைசெவல் பக்கம். அம்மா எங்கள் மில்லில்தான் வேலை. அவளுடைய இடது கை மேலே நின்றது. வலது கை கீழே பலகையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. மேடத்தின் பார்வை அதில் போய் நின்றது. அங்கேயே இருந்தது.

"வலது கை தூக்குனவங்க இறக்கிருங்க" என்றார். "இடது கை அப்படியே இருக்கட்டும்."

வகுப்பு அசையவில்லை. கிருஷ்ணகுமார் சார் தொண்டையைச் செருமினார்.

"இறக்குங்கன்னு சொன்னேன்."

வலது கைகள் இறங்கின. அவர் விரல் நீட்டி எண்ணினார், சத்தமாக. இருபத்தொன்பது.

"ஐயா" என்றார் பின் பெஞ்சைப் பார்த்து, "இடது கை தெரியாதவங்க. நேத்து சொல்லிக்குடுத்த ஏற்பாடு. இருபத்தொம்பது பேருக்குத் தெரியல. நான் இவங்களுக்குத்தான் நடத்தணும். கொஞ்சம் நேரம் ஆகும்." பிறகு வகுப்பைப் பார்த்து, "முத்துசெல்வி, எழுதுறதை நிப்பாட்டு. எங்கன விட்டுச்சு உனக்கு?"

முத்துசெல்வி எழுந்தாள். மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம்... அந்த எப்சிலானை யாரு குடுக்கது? டெல்டாவை யாரு குடுக்கது? ரெண்டையும் நாமளேவா?"

என் கேள்வி. எட்டு வருடம் முன்னால், அதே அறையில், கொஞ்சம் வேறு வார்த்தைகளில்.

"உங்க வீட்டுல மில்லுக்குப் போறவங்க எத்தன பேரு?" என்றார் மேடம். ஒன்பது கை எழுந்தது. எல்லாம் வலது கை. "சரி. ஒருத்தர் நாப்பதாம் நம்பர் நூலு வேணும்னு கேக்கார். திரிய இழுத்துத்தான நூலாக்குதாங்க. வாங்க வாறவர் என்ன சொல்லுவார்? திரியோட கனம் இவ்வளவுக்கு மேல பிசகக்கூடாதுன்னு—"

"இல்ல மேடம்!" முத்துசெல்வி குறுக்கே விழுந்தாள். "அவருக்குத் திரியப் பத்தி என்ன தெரியும்? அவரு நூலைத்தான் சொல்லுவாரு. முப்பத்தொம்பதரைக்குக் கீழ போகக்கூடாது, நாப்பதரைக்கு மேல போகக்கூடாதுன்னு. அதுக்குத் திரி எவ்வளவு பிசகலாம்னு மில்லுக்காரங்கதான் பாத்துக்கிடணும். அவரு இன்னும் கறாராக் கேட்டா இவங்க இன்னும் கறாரா..."

நின்றுவிட்டாள். பலகையைப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது.

"எப்சிலான் வாங்க வாறவரு குடுக்கது" என்றாள் மெதுவாக. "டெல்டா நாம குடுக்கது."

வகுப்பில் யாரோ "ஓ" என்றார்கள். கடைசி பெஞ்சில் ஒரு குழு உறுப்பினர் சிரித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எட்டு வருடமாக ராத்திரி ராத்திரி அந்த நூலோடுதான் கிடந்தேன்.

மேடம் அதை வைத்து இன்னும் இருபது நிமிடம் நடத்தினார். மணி அடிப்பதற்கு முன்னால் கேட்டார். "இப்ப நடிக்க வேண்டாம். இன்னும் புரியாதவங்க எந்தக் கையையாவது தூக்குங்க." பதினொன்று. "நாளைக்கு உங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கேன்" என்றார். எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை. குழுத் தலைவர் எழுந்து, "பாடத்தை முடிக்கலையேம்மா" என்றார். "ஆமாய்யா, முடியல" என்றார் மேடம்.

மறுநாள் முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து மேடமே என்னிடம் சொன்னார்.

"'கிளாஸ் நல்லா நடந்துச்சா, நீங்களே சொல்லுங்க'ன்னாரு. நடந்துச்சுன்னேன். 'பதினொரு பேருக்குப் புரியலைன்னு உங்க வாயாலயே சொன்னீங்களே'ன்னாரு. அதத்தான் சார் நானும் சொல்லுதேன், நடந்துச்சுன்னேன்."

"பொறவு?"

"நாலாவது ஹவர் கிடையாது. நீயும் உள்ள வரக்கூடாது. கிருஷ்ணகுமார் சார் என் முகத்தைப் பாக்க மாட்டேங்காரு. முப்பது வருச ஏற்பாட்டை முச்சந்தியில போட்டு உடைச்சிட்டேனாம்."

"முந்தின நாளே சொன்னேன் மேடம்."

"சொன்ன. நானும் சரின்னேன். அந்தப் பிள்ளை இடது கையைத் தூக்கிக்கிட்டு வலது கையால எழுதிச்சு பாரு. அதுக்கு மேல என்னால முடியல."

"வேணும்னுதான மாத்திச் சொன்னீங்க? வாங்க வாறவரு திரியச் சொல்லுவாருன்னு?"

"போலே. பதட்டத்துல நிஜமாவே தப்பாத்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் நினைப்பேன். ஒரு கதவு அடைத்தால் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற ஆள் நான். அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐஸ்வர்யா வந்திருக்கிறாள்.

"மேடம், நாளைக்கு ரெண்டாவது ஹவர் எனக்குக் கிளாஸ். வந்து உக்காருதீங்களா? இப்பமே சரின்னு சொல்லிருங்க. வீட்டுக்குப் போய் யோசிச்சேன்னா மனசு மாறிரும்."

"நம்ம ஹெச்.ஓ.டி. கேட்டா?"

"நோட்ஸை மறந்துட்டேன், மேடம் பாத்துச் சொல்ல வந்தாவன்னு சொல்லிருவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் உச்சிமாகாளி என் வீட்டுக்கு வந்து எழுப்பினான். கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. வாசலில் ஒரு பெஞ்சு. மேடமும் ஐஸ்வர்யாவும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். புழுதிக் காற்று அடித்தது. ஐஸ்வர்யா முந்தானையால் டப்பாவை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

"நீ காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான ஆர்டர்" என்றார் மேடம். "நாங்க வெளிய வரக்கூடாதுன்னு ஆர்டர் இல்லயே. உக்காரு. புதன்கிழமை இவ கிளாஸைப் பாத்தேன்."

"எந்த நிமிசத்துல எத்தன பேரு விட்டாங்க?" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்தார். பக்கம் முழுக்கக் கணக்கு. ஐஸ்வர்யா எந்த வரியை எப்படிப் போட்டாள், எங்கே சுற்றிப் போனாள், எப்படிச் சுருக்கமாகப் போட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தது. நிமிடமும் இல்லை, ஆளும் இல்லை.

"மேடம், இது பலகையைப் பாத்து எழுதுனது."

"ஆமா. கணக்கு ஓடும்போது கண்ணு அங்கனதான் போகுது. எனக்குத் தெரிஞ்ச கணக்கு. பிள்ளைகளைப் பாக்கணும்னே நினைப்பு வரல." அவருக்கே வெட்கமாக இருந்தது. "உனக்கு எப்படி முடிஞ்சுச்சு?"

"எனக்குத்தான் ஒண்ணும் புரியலயே. பலகையில பாக்க என்ன இருக்கு?"

ஐஸ்வர்யாவுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பில். மேடம் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணகுமார் சார் மஞ்சள் நோட்டோடு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். ஒரு வாரமாகப் பேசாத மனிதர், நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, ரோட்டுல கோர்ட்டு நடக்குதா?"

"ஆமா சார். அடுத்த வெள்ளிக்கிழமை உங்க கேஸை எடுத்துக்கிடலாமா?"

"நான் வாய்தா வாங்கிக்கிடுதேன் தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜெராக்ஸ் ஓடி முடிக்கும்வரை நாங்கள் பேசுவதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தாளை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஐஸ்வர்யா கை கழுவிவிட்டு வந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப என் கிளாஸ்ல எத்தன பேரு விட்டாங்கன்னு தெரியாதா?"

"தெரியல" என்றார் மேடம்.

"திங்கக்கிழமை திரும்ப வாங்க மேடம். இந்தத் தடவை என்னையப் பாக்காதீங்க. பிள்ளைகளைப் பாருங்க."

மேடம் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். ஐஸ்வர்யா வகுப்பில் முப்பத்தெட்டு பேர். பெஞ்சில் நோட்டை வைத்துக்கொண்டு கட்டம் போட ஆரம்பித்தார். காற்றில் தாள் தூக்கியது, கோடு கோணலாகப் போனது. நான் ஸ்கேல் கேட்டுக் கடைக்குள் போனேன்.